பலாலிக்கு எத்தனை மணித்தியாலம்?



ஊருக்குப் போக ரிக்கற் எடுக்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை மணித்தியாலம்? ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லை. இடையில் இறங்கி மாறிப் போய்ச் சேர ஒரு நாள் கழிந்துவிடும். அப்போதும் யாழ்ப்பாணம் வந்தபாடில்லை. வாகனம் பிடித்து இன்னும் ஏழெட்டு மணித்தியாலம் வடக்கே ஓட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் விமான நிலையம் இல்லாமலா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த பலாலி இருந்தது. 1947 டிசம்பர் 10 அன்று, இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்கள் இருக்கையில், எயர் சிலோன் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. 'சீதாதேவி' என்ற டகோட்டா விமானம் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, மதராசுக்குப் போனது. காங்கேசன்துறை என்று பெயர் சொன்னாலும் விமானம் தொட்ட நிலம் பலாலிதான்.

தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள். பலாலியிலிருந்து நேர்கோட்டில் இரத்மலானை சுமார் 330 கிலோமீற்றர், சென்னை சுமார் 355. திருச்சியோ 185 தான். ஒன்ராறியோவில் உள்ள லண்டனுக்கு நாங்கள் காரில் ஓடும் தூரம்! தெருவாலும் ரயிலாலும் போகிறவனுக்கு யாழ்ப்பாணம் நாட்டின் கடைசி. ஆகாயத்தால் போகிறவனுக்கு அது நடுவழி. எயர் சிலோன்காரர் இதை அன்றைக்கே கண்டுகொண்டார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. 1978 செப்டம்பர் 7 அன்று பலாலியிலிருந்து வந்த எயர் சிலோன் அவ்ரோ, பயணிகள் இறங்கிய பின் இரத்மலானையில் குண்டு வெடித்து எரிந்தது. போர் மூண்டதும் இந்தியாவுக்கான பறப்பு இல்லாமற் போனது. 1990 இல் பலாலியைச் சுற்றியிருந்த சனம் வீடுவாசலை விட்டு வெளியேறியது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டு 55 பேர் மாண்டனர். ஒரு மணித்தியாலப் பயணம் அது.

திருச்சிக்குப் போக விரும்பிய யாழ்ப்பாணத்தான் முதலில் எதிர்த் திசையில் கொழும்புக்கு இறங்கி, அங்கிருந்து திரும்ப வடக்கே பறக்க வேண்டியிருந்தது. பல பத்தாண்டுகள் இப்படியே போயின.

2019 அக்டோபர் 17 இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 இல் கொரோனாவால் நின்றது. 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் விட்டது. ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்.

சென்னை வழியாகப் போக நினைக்கும் ரொறன்ரோக் குடும்பங்களுக்கு ஒரு சொல்: கனடாக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா வேண்டும். 2023 செப்டம்பரில் இந்தியா கனடியர்களுக்கு விசா வழங்குவதையே சில வாரங்கள் நிறுத்தி வைத்திருந்தது. அந்தத் தூரம் எந்தத் தேசப்படத்திலும் இல்லை.

இங்கு வருபவை ஏ.ரி.ஆர் என்ற சிறிய விமானங்கள். பெரியவை இறங்க ஓடுபாதையை நீட்ட வேண்டும். நீட்டக் காணி வேண்டும். சுற்றிவரக் கிடக்கும் காணி, 1990 இல் எழும்பிப் போன சனத்தின் காணி. அவர்களில் எத்தனையோ பேர் இன்னும் வேலிக்கு வெளியே நின்றுதான் தங்கள் வளவைப் பார்க்கிறார்கள்.