தைக்கக் கற்றுக்கொடுத்தவர் யார்? பொம்மனஹள்ளியில் தொழிற்பயிற்சியின் வரலாறு

பெங்களூரின் தெற்கே ஓசூர்ச் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளி, 2007-இல் மாநகராட்சியோடு இணைக்கப்படுவதற்கு முன்பே, ஏற்றுமதி ஆடைத் தொழிலை நம்பிக் குடியேறியவர்களின் ஊராகியிருந்தது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வாங்கலாம் என்று பணக்கார நாடுகள் 1974 முதல் பல்லிழை ஒப்பந்தத்தின் வழியே வரம்பு கட்டியிருந்த கோட்டா முறை, 1995-க்குப் பின் படிப்படியாகத் தளர்ந்து 2005 சனவரி முதல் நாளில் நீங்கியதும், இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஜவுளிக் கொள்கை ஆயத்த ஆடையைச் சிறுதொழில் ஒதுக்கீட்டிலிருந்து விடுவித்ததும் சேர்ந்து, நூற்றுக்கணக்கான எந்திரங்கள் வரிசை கட்டி ஓடும் பெரிய தையற்கூடங்களுக்கு வழி திறந்தன.

அங்கே வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கர்நாடகத்தின் சிற்றூர்களிலிருந்தும், எல்லைக்கு இப்பால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்தும் வந்த பெண்கள். வீட்டில் மிதி எந்திரத்தில் ரவிக்கை தைத்தவருக்கும் மோட்டாரில் ஓடும் எந்திரம் புதிதே. சட்டை முழுவதையும் ஒருவர் தைப்பதில்லை, காலர் ஒருவருக்கு, கைப்பட்டி இன்னொருவருக்கு என்று வேலை பிரிந்திருந்தது. நூல் நறுக்கியும் பீஸ் அடுக்கியும் 'ஹெல்பர்' ஆகத் தொடங்கியவர், உணவு இடைவேளையில் பக்கத்து எந்திரத்து அக்காவிடம் தைத்துப் பழகி 'டெய்லர்' ஆவதே வழக்கமாயிற்று. எந்த அரசு ஆவணமும் இதைப் பயிற்சி என்று குறிப்பதில்லை என்றாலும் இத்தொழிலின் முதற் பள்ளி இதுவே. அதன் கட்டணத்தை, ஹெல்பர் கூலியில் கழித்த மாதங்களாக, தொழிலாளியே செலுத்தினார்.

பயிற்சியை அரசு ஏற்றது பின்னரே. ஜவுளி அமைச்சகம் 2010-இல் ஒருங்கிணைந்த திறன் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2014-இல் வந்த தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா, ஊர்ப்புற ஏழை இளைஞர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தந்து, அவர்களில் பெரும்பகுதியினருக்கு ஊதிய வேலை பெற்றுத் தருவதையும் பயிற்சி நிறுவனங்களின் கடமையாக்கியது. ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் சில மாதம் தையல் பழகிய இளம்பெண்கள் இவ்வழியே கூட்டமாகப் பெங்களூருக்கு வந்து விடுதிகளில் தங்கினர். இடம்பெயர்ந்தோருக்கான உதவி மையங்களும் இத்திட்டத்தில் இடம்பெற்றது பாராட்டத்தக்கது. ஏனெனில் பாடத்தில் ஆங்கிலமும் கணினியும் இருந்தாலும், வேலைக்கு வந்தபின் அப்பெண்கள் நாள்தோறும் கேட்டது தமக்குத் தெரியாத கன்னடம்.

பயிற்சியின் பலன் யாருக்குச் சேர்ந்தது என்பதே இவ்வரலாற்றின் நடுக்கேள்வி. அமெரிக்க ஆடை நிறுவனமான கேப் 2007-இல் தொடங்கிய 'பேஸ்' என்ற திட்டம், தையலை விட்டு, பேச்சுத்திறன், நேர மேலாண்மை, சிக்கல் தீர்த்தல் போன்ற வாழ்க்கைத் திறன்களைப் பெண் தொழிலாளருக்குக் கற்பித்தது. அதைப் பெங்களூரின் ஐந்து தொழிற்சாலைகளில் 2013-க்கும் 2014-க்கும் இடையில் சோதித்த அச்யுத அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நைஷதம் ஆகிய பொருளியலாளர்கள், குலுக்கல் முறையில் இடம் பெற்றுப் பயின்றவர்கள் மற்றவர்களைவிட 13.5 விழுக்காடு கூடுதலாக உற்பத்தி செய்ததையும், அவர்களின் கூலியோ 0.5 விழுக்காடு மட்டுமே உயர்ந்ததையும் கண்டனர். நிறுவனத்துக்குப் பயிற்சிச் செலவு பன்மடங்காகத் திரும்பியது. தைத்த கைக்கு அதில் ஏறத்தாழ எதுவும் வரவில்லை. ஏழைக்குக் குறை திறன்தான் என்ற பழைய எண்ணத்தை இவ்விரு எண்களும் அசைக்கின்றன.

இவ்வளவு மெலிந்த கூலியில் சேமிப்பு என்று மிஞ்சியது வருங்கால வைப்பு நிதியே. வேலையை விட்டு அப்பணத்தை எடுத்துக் கடன் அடைத்து, பிள்ளைகளின் கட்டணம் கட்டி, பின் வேறொரு தொழிற்சாலையில் புதியவராகச் சேர்வது பல பெண்களின் வழக்கமாக இருந்தது. முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்ற நடுவண் அரசின் 2016 பிப்ரவரி அறிவிக்கை அந்த ஒரே கையிருப்பையும் பூட்டியது. ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளித் தையற்கூடங்களின் பெண்கள், எந்தச் சங்கத்தின் அழைப்புக்கும் காத்திராமல், ஓசூர்ச் சாலையில் இறங்கி மறித்தனர். போராட்டம் நகரெங்கும் பரவியது. மறுநாளே அறிவிக்கை திரும்பப் பெறப்பட்டது.