நீலச்சாயப் பணமும் ஒரு மட்டையாளரும்

1882 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து வெல்ல 85 ஓட்டங்களே தேவை. ஏழு ஓட்டங்களில் தோற்றது. கேம்பிரிட்ஜின் சிறந்த மட்டையாளரான சி.டி.ஸ்டட் பத்தாவதாக இறக்கப்பட்டு, ஒரு பந்தைக்கூட எதிர்கொள்ளாமல் மறுமுனையில் நின்றார். ஆஷஸ் என்ற சொல் பிறந்த தோல்வி அது. மறுமாதமே, ஐ.சி.எஸ். பதவியைத் துறந்த பூத் டக்கர் இரட்சணிய சேனைக்காகப் பம்பாயில் இறங்கினார். காவியுடுத்தித் தம்மைப் பக்கீர் சிங் என்று அழைத்துக்கொண்டவர் அவர். இவ்விருவரின் கதைகளும் பின்னர் பணத்தால் பிணைந்தன.

ஸ்டட் ஊதியத்துக்கு ஆடியவரல்லர். அக்கால வழக்கில் ‘ஜென்டில்மேன்’. அந்தக் கனவான் தகுதிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று நாம் கேட்டாக வேண்டும். அவருடைய தந்தை பீகாரின் திர்ஹூத்தில் அவுரித் தோட்டங்களால் செல்வம் திரட்டியவர். 1917இல் காந்தி சென்ற சம்பாரண் அந்தப் பகுதிதான். உழவர்கள் நெல் விளையும் நிலத்தில் அவுரி விதைக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட நாடு அது.

1885இல் ஸ்டட் ஆட்டத்தை விட்டுச் சீனா சென்றார். 25 வயது நிறைந்ததும் கைக்கு வந்த பரம்பரைச் சொத்தை அங்கிருந்தபடியே தானமாகப் பிரித்தளித்தார். அதில் 5000 பவுண்டு பூத் டக்கரின் இந்தியப் பணிக்கு. ஐம்பது புதிய ஊழியர்கள் கப்பலேற அது உதவியது என்று ஸ்டட்டின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. நீலத்தில் போன பணத்தில் ஒரு பங்கு இப்படித் திரும்பியது. பறிகொடுத்தவர்களிடம் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்த பத்தாண்டில் சேனை தென் திருவிதாங்கூரில் வேரூன்றியது. நாகர்கோவிலில் ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இளைஞர் ஒரு குளியலறையில் மருந்து கொடுக்கத் தொடங்கினார். 1900இல் டாக்டர் பெர்சி டர்னர் வந்தார். காதரின் பூத் மருத்துவமனை வளர்ந்தது. அந்த 5000 பவுண்டே அம்மருத்துவமனை ஆயிற்று என்று நாம் கணக்கு எழுதவில்லை. ஆனால் அந்தக் குளியலறைக்கு வந்து சேர்ந்த பாதைகளில் அதுவும் ஒன்று.

ஸ்டட்டும் 1900இல் தமிழ்நிலத்துக்கு வந்தார், நாஞ்சில் நாட்டுக்கல்ல. முறைப்படி குருப்பட்டம் பெறாதவராயினும் உதகமண்டலம் யூனியன் சர்ச்சின் போதகராக ஆறாண்டு இருந்தார். ஆஸ்துமா அவரை இரவெல்லாம் உட்காரவைத்தது. ஞாயிறுதோறும் அவர்முன் அமர்ந்தவர்கள் அதிகாரிகள், படைவீரர்கள், தோட்ட முதலாளிகள். 1906இல் இங்கிலாந்து திரும்பினார். 1931இல் காங்கோவின் இபாம்பியில் இறந்தார்.