விமான அனுப்புகை அலுவலர்

விமான அனுப்புகை அலுவலர் என்பவர், விமான நிறுவனம் ஒன்றின் இயக்கக் கட்டுப்பாட்டு மையத்தில் தரையில் இருந்தபடியே ஒவ்வொரு பறப்பையும் திட்டமிட்டு, அது புறப்பட இசைவளித்து, தரையிறங்கும் வரை கண்காணிப்பவர் ஆவார். ஆங்கில வழக்கில் இவர் பிளைட் டிஸ்பாச்சர் எனப்படுகிறார். இவரை வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருடன் குழப்பிக்கொள்வது பரவலாகக் காணப்படும் தவறாகும். கட்டுப்பாட்டாளர் எல்லா நிறுவனங்களின் விமானங்களும் ஒன்றோடொன்று மோதாமல் வழிநடத்துகிறார். அனுப்புகை அலுவலரோ தம் நிறுவனத்தின் விமானம் எந்தப் பாதையில், எவ்வளவு எரிபொருளுடன் செல்ல வேண்டும், செல்லலாமா என்பதையே முடிவு செய்கிறார்.

பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பு இப்பணிக்கான உரிமத்துக்குரிய தரங்களை வகுத்துள்ள போதிலும், எல்லா நாடுகளும் உரிமத்தைக் கட்டாயமாக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் அது கட்டாயமாகும். இக்கட்டுரை அந்நாட்டில் இப்பணியில் சேரும் முறையை விளக்குகிறது.

சட்டப் பொறுப்பு

அட்டவணைப்படி பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய விமான நிறுவனங்கள் ஐக்கிய அமெரிக்கக் கூட்டரசு வான்பயண விதிகளின் 121ஆம் பகுதிக்குக் கட்டுப்பட்டவை. அதன்படி, பறப்புக்கு முந்தைய திட்டமிடல், தாமதம், புறப்பாட்டு இசைவு ஆகியவற்றுக்குத் தலைமை விமானியும் அனுப்புகை அலுவலரும் கூட்டாகப் பொறுப்பாவர். பறப்பைப் பாதுகாப்பாக நடத்த முடியும் என இருவரும் நம்பினால் மட்டுமே இசைவு ஆவணத்தில் கையொப்பமிட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் விமானம் கிளம்ப முடியாது. விமானம் வானில் இருக்கும்போது திட்டமிட்டபடி பாதுகாப்பாகத் தொடர இயலாது என அலுவலர் கருதினால், பறப்பை நீக்குவதோ வேறு இடத்துக்குத் திருப்பி அனுப்புவதோ அவரது கடமையாகும்.

பாதையையும் எரிபொருள் அளவையும் இன்று கணினி நிரல்கள் நொடிகளில் கணக்கிட்டுத் தருகின்றன. ஆயினும் கையொப்பம் இடுபவர் மனிதரே. கணக்கு தவறினால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. எடுத்துக்காட்டாக, உள்நாட்டுப் பறப்பொன்று சேருமிடத்தை அடையவும், மாற்று விமான நிலையம் குறிக்கப்பட்டிருந்தால் அங்கிருந்து அதற்குச் செல்லவும், அதன் பின்னர் வழமையான வேகத்தில் மேலும் 45 நிமிடங்கள் பறக்கவும் போதிய எரிபொருளைக் கொண்டிருக்க வேண்டும். சேரும் நேரத்துக்கு ஒரு மணிநேரம் முன்பிருந்து ஒரு மணிநேரம் பின்பு வரை மேகத்தளம் 2,000 அடிக்கும், காட்சித் தொலைவு 3 மைலுக்கும் குறையாது என வானிலை முன்னறிவிப்பு கூறினால் மட்டுமே மாற்று நிலையத்தைக் குறிக்காமல் விடலாம்.

வரலாறு

1935ஆம் ஆண்டு மே மாதம், மோசமான வானிலையில் எரிபொருள் குறைந்த நிலையில் இருந்த டி.டபிள்யு.ஏ விமானம் ஒன்று மிசூரி மாநிலத்தில் விழுந்தது. அதில் நியூ மெக்சிகோவின் செனட் உறுப்பினர் பிரான்சன் கட்டிங் உயிரிழந்தார். இதையொட்டி எழுந்த விவாதங்கள் 1938ஆம் ஆண்டின் குடிசார் வான்பயணச் சட்டத்துக்கு வழிவகுத்தன. அனுப்புகை அலுவலருக்கான சான்றிதழ் முறை அச்சட்டத்தைத் தொடர்ந்து வந்ததாகும்.

தரையிலுள்ள அலுவலரின் உதவி இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதை 1990 சனவரி 25 அன்று நிகழ்ந்த அவியாங்கா 52 விபத்து காட்டுகிறது. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அந்த போயிங் 707, நெரிசலாலும் மோசமான வானிலையாலும் ஒரு மணிநேரத்துக்கு மேல் வானில் காத்திருக்க வைக்கப்பட்டது. இறுதியில் எரிபொருள் தீர்ந்து லாங் தீவில் விழுந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் இறந்தனர். எரிபொருளை விமானிகள் சரிவரக் கையாளாததும், நெருக்கடியைக் கட்டுப்பாட்டாளரிடம் தெளிவாக அறிவிக்காததும் விபத்துக்கான காரணங்களாகக் கூறப்பட்டன. நிறுவனத்தின் அனுப்புகை அமைப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளாததையும் துணைக் காரணங்களுள் ஒன்றாக அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் குறிப்பிட்டது.

சான்றிதழ் பெறுதல்

எழுத்துத் தேர்வை எழுதக் குறைந்தது 21 வயதும், சான்றிதழைப் பெற 23 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் படிக்கவும் பேசவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரிப் பட்டமோ, விமானிகளுக்குத் தேவைப்படும் மருத்துவச் சான்றிதழோ கட்டாயமில்லை. குடியுரிமையும் கேட்கப்படுவதில்லை, ஆனால் அங்கு வேலை செய்வதற்கான அனுமதி தனியே வேண்டும்.

பெரும்பாலோர் அரசு ஏற்பளித்த பயிற்சி நிலையம் ஒன்றில் குறைந்தது 200 மணிநேரப் பயிற்சி பெறுகின்றனர். முழுநேரமாகப் படித்தால் இது ஐந்தாறு வாரங்களில் முடிந்துவிடும். விதிகள், வானிலையியல், வழிகாட்டல், விமானத்தின் எடையும் செயல்திறனும், நெருக்கடி நடைமுறைகள் ஆகியன பாடங்களாகும்.  விமானியாகவோ வானிலை ஆய்வாளராகவோ வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராகவோ குறிப்பிட்ட அனுபவம் உடையோர் இப்பயிற்சி இல்லாமலும் தகுதி பெறலாம்.

எழுத்துத் தேர்வில் 80 வினாக்கள் உண்டு. தேர்ச்சிக்கு 70 விழுக்காடு வேண்டும். அடுத்து வரும் செய்முறைத் தேர்வில், பெரிய வகை விமானம் ஒன்றைக் கொண்டு பறப்பொன்றை முழுமையாகத் திட்டமிட்டுக் காட்டி, தேர்வாளர் தொடுக்கும் வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டும்.

முதல் வேலை

சான்றிதழ் கையில் வந்ததும் மேசை கிடைத்துவிடுவதில்லை. சிறு நகரங்களைப் பெருநகரங்களுடன் இணைக்கும் வட்டார விமான நிறுவனங்களிலேயே பலரும் தொடங்குகின்றனர். அங்கு ஊதியம் பெரிய நிறுவனங்களைவிடக் குறைவு. விமானப் பணியாளர்களுக்கு முறைநேரம் ஒதுக்கும் பிரிவில் முதலில் சேர்ந்து, இடம் காலியாகும்போது மாறிக்கொள்வோரும் உளர்.

எந்த நிறுவனமாயினும், தன் விமானங்கள் பற்றியும் வழித்தடங்கள் பற்றியும் மீண்டும் பயிற்சியளித்து, திறனைச் சோதித்த பின்னரே தனித்துப் பணியாற்ற விடும். ஆண்டுதோறும் விமானி அறையில் அமர்ந்து குறைந்தது 5 மணிநேரம் பறப்பைக் கவனிக்க வேண்டும் என்பதும் விதியாகும். பாவனைக்கருவிப் பயிற்சியைக் கவனிப்பதன் மூலமும் இதனை நிறைவு செய்யலாம். தாம் எழுதும் திட்டம் விமானியின் கையில் எவ்வாறு இருக்கும் என்பதைக் காண இது வாய்ப்பளிக்கிறது.

வழமையாகத் தொடர்ச்சியான பணிநேரம் 10 மணிக்கு மிகக்கூடாது. ஏழு நாட்களுக்கு ஒருமுறை 24 மணிநேர ஓய்வு அளிக்கப்பட வேண்டும். முறைநேரங்களும் விடுமுறைகளும் பெரும்பாலும் பணிமூப்புப்படி தேர்ந்தெடுக்கப்படுவதால், இரவுப் பணியும் பண்டிகை நாட்பணியும் புதியவர்களுக்கே வந்து சேர்கின்றன. வேறு நிறுவனத்துக்கு மாறுபவர், எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், அங்குள்ள மூப்புப் பட்டியலின் அடியிலிருந்தே தொடங்குவார்.