கடைச் சுவரின் நிறம் யாருடையது?

போன மாதம் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் இருக்கும் மாமாவின் கடைக்குப் போயிருந்தேன். சாமை, தேன், புளி வாங்கி விற்கும் சின்னக் கட்டிடம். வெளிச்சுவர் பெயிண்ட் உரிந்து கிடந்தது.

"ஒரு கம்பெனிக்காரங்க இலவசமா பெயிண்ட் அடிச்சுத் தர்றாங்களாம். முன்பக்கம் முழுக்க அவங்க கலர், அவங்க பேரு. நீதான் பி.காம். படிக்கிறியே, என்ன சொல்றே?" என்றார் மாமா.

சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் கடைச் சுவர்களுக்கு நிறம் வந்த கதையைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். அதுதான் இந்தக் கட்டுரை.

சுண்ணாம்புக் காலம்

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையே அன்று பெரிதாக இல்லை. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றி, வெண்மை எடுப்பாகத் தெரிய கொஞ்சம் நீலம் கலந்து அடிப்பார்கள். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, மெல்லிய கல் படலமாக இறுகும். மழையில் தேய்ந்து போகும் என்பதால் பொங்கலுக்குப் பொங்கல் மறுபடி அடிக்க வேண்டும். சுவரின் அடியில் ஒரு காவிப் பட்டை. அது அழகுக்கு மட்டுமல்ல. மழைநீர் தெறிக்கும் செம்மண் கறையை மறைக்கவும்தான்!

டப்பாவில் வந்த நிறம்

1902-ல் கல்கத்தாவை அடுத்த ஹவுராவில் ஷாலிமார் பெயிண்ட்ஸ் தொடங்கியது. 1942-ல் பம்பாயில் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஏஷியன் பெயிண்ட்ஸைத் தொடங்கினார்கள். அதன் விளம்பரத்தில் தூரிகையோடு நிற்கும் 'கட்டு' என்ற குறும்புப் பையனை 1954-ல் வரைந்தவர் ஆர்.கே. லட்சுமண்.

இன்றைய பெயிண்டின் வெண்மைக்குக் காரணம் டைட்டானியம் டை ஆக்சைடு. அதற்கான இல்மனைட் தாது நம் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் கிடைக்கிறது. கறுப்பு மணலில் இருந்து வெள்ளை நிறம்.. ஆச்சரியம்தானே! பின்னாளில் கடையிலேயே இயந்திரத்தில் நிறம் கலந்து தரும் வசதியும் வந்தது. கடைக்காரர் விரும்பிய நிறம் கைக்கு எட்டியது இப்போதுதான்.

கம்பெனியின் நிறம்

எட்டிய வேகத்திலேயே அதை விட்டுக்கொடுக்கவும் தொடங்கினோம். செல்போன் வந்த பிறகு கடைத்தெருச் சுவர்களில் கம்பெனி நிறங்கள் ஏறின. 2007-ல் ஹட்ச், வோடபோன் ஆனது. இளஞ்சிவப்பு போய்ச் சிவப்பு வந்தது. 2018-ல் அது ஐடியாவோடு இணைந்து, 2020-ல் 'வி' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2018-ல் ஏர்செல் திவால் மனு கொடுத்தது. கம்பெனி போன பிறகும் அதன் நிறத்தைச் சுமந்துகொண்டு நிற்பது கடைக்காரரின் சுவர்தான்.

கணக்கு என்ன சொல்கிறது?

பழைய கடைக்குப் பெயிண்ட் அடிப்பது வருவாயினச் செலவு என்று வகுப்பில் படித்திருக்கிறோம். இலவசமாக அடித்துக் கொடுத்தால் அந்தச் செலவு மிச்சம். ஆனால் வாடகை வாங்காமல் சுவரைக் கொடுத்தோமே, அது எந்தப் பேரேட்டிலும் ஏறாது!

நற்பெயரும் ஒரு சொத்து என்று படிக்கிறோம். நிறமும் நற்பெயர் ஆகும் என்பதற்கு ஜெய்ப்பூரே சாட்சி. 1876-ல் வேல்ஸ் இளவரசர் வருகைக்காக நகரத்துக்கு இளஞ்சிவப்பு அடித்தார்கள் என்பார்கள். இன்றும் அங்குள்ள பழைய கடைவீதிகளை உலகம் அந்த நிறத்தால்தான் அடையாளம் காண்கிறது.

எங்கள் மலையிலும் ஓர் உதாரணம் உண்டு. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம். 1986-ல் தொடங்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. பகல் வெயிலில் உள்ளே சூடேறினால் இரவில் நட்சத்திரம் தெளிவாகத் தெரியாது. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தேனும் புளியும் அடுக்கி வைக்கும் கடைக்கும் சூடு ஆகாதுதானே?

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். கம்பெனி ஆள் மறுபடி வந்தபோது, "சுவருக்கு வருஷ வாடகை எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டிருக்கிறார். அவர் விசாரித்துச் சொல்வதாகப் போனவர்தானாம்!

பொங்கலுக்கு முன் மாமாவே அடிக்கப் போகிறார். மேலே வெள்ளை எமல்ஷன், கீழே மூன்றடிக்குக் காவி. கடையின் பெயரை நான் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் ஊர்க் கடைத்தெருவில், நிறத்தை வைத்தே நீங்கள் அடையாளம் சொல்லும் கடை எது நண்பர்களே?