வியர்வையும் குளிர்ந்த நீரும்: ஒரு நம்பிக்கையின் வரலாறு

வெயிலில் வேலை செய்தோ ஓடி விளையாடியோ உடல் வியர்த்திருக்கும் நிலையில் குளிர்ந்த நீரைக் குடிக்கக் கூடாது, உடனே தலையில் நீர் ஊற்றிக் குளிக்கவும் கூடாது என்பது தமிழ்நாட்டில் பரவலாக வழங்கும் உடல்நல நம்பிக்கை ஆகும். "வேர்வை அடங்கட்டும், அப்புறம் தண்ணி குடிக்கலாம்" என்பது வீட்டுப் பெரியவர்களும் விளையாட்டு ஆசிரியர்களும் பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் அறிவுரை. மீறினால் சளி, நீர்க்கோவை, தலைபாரம், காய்ச்சல், சன்னி ஆகியவை வரும் என்று நம்பப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் மீமிசல் போல, மீன்பிடித்தல், உப்பளம், வயல் வேலை என உடலுழைப்பை நம்பி வாழும் கடலோர ஊர்களில், எப்போது, எப்படித் தண்ணீர் குடிப்பது என்பது அன்றாடக் கேள்வியாகும்.

இந்த நம்பிக்கை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. பழைய ஆயுர்வேத நூல்களிலும், ஐரோப்பிய மருத்துவத்திலும், பிலிப்பீன்சு நாட்டு வழக்கிலும் இதே எச்சரிக்கை காணப்படுகிறது.

தமிழ் வழக்கில் சூடும் குளிர்ச்சியும்

தமிழ்ப் பேச்சு வழக்கில் "சூடு" என்பது வெப்பமானியால் அளக்கப்படும் வெப்பநிலையை மட்டும் குறிப்பதில்லை. உணவு, பருவம், உழைப்பு, உறக்கமின்மை, கோபம் ஆகிய எல்லாவற்றுக்கும் சூடோ குளிர்ச்சியோ உண்டு. பப்பாளியும் மாம்பழமும் சூடு; மோரும் இளநீரும் குளிர்ச்சி. மானிடவியலாளர் பிரெண்டா பெக், கொங்கு நாட்டில் கள ஆய்வு செய்து 1969இல் வெளியிட்ட கட்டுரையில், இந்தச் சூடு–குளிர்ச்சிப் பகுப்பு தென்னிந்தியச் சடங்குகளிலும் ஊடுருவி நிற்பதை விளக்கினார்.

இந்தக் கண்ணோட்டத்தில் உடல்நலம் என்பது இரண்டுக்கும் இடையிலான சமநிலை. சூட்டைத் தணிக்க வேண்டும், ஆனால் படிப்படியாகத் தணிக்க வேண்டும். சூடேறிய உடலில் திடீரெனக் குளிர்ச்சி சேர்ந்தால் இரண்டும் மோதும். அந்த மோதலே நோய் என்பது இதன் அடிப்படை. வியர்த்த தலையில் நீர் ஊற்றினால் தலைக்குள் நீர் கோத்துக்கொள்ளும் என்று கருதியதால்தான் அந்த நோய்க்கு "நீர்க்கோவை" என்ற பெயர் வழங்குகிறது. அதற்குப் பற்றிடும் நீர்க்கோவை மாத்திரை இன்றும் சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கிறது.

இதே வழக்கில் எதிர்த்திசையில் அமைந்த அறிவும் உண்டு. வெயிலில் நெடுநேரம் உழைத்தவருக்குச் சிறுநீர் எரிச்சலோடு சொட்டுச் சொட்டாகப் போவதை "நீர்க்கடுப்பு" என்பர். அதற்குக் காரணமாகச் "சூடு பிடித்துக்கொண்டது" என்று சொல்வர். மருந்தாக நீராகாரம், மோர், இளநீர் ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுப்பர். உடலில் நீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல் தரும் என்று இன்றைய மருத்துவம் கூறுவதோடு இந்த வைத்தியம் பொருந்துகிறது.

மருத்துவ நூல்களில்

ஆயுர்வேதத்தின் அடிப்படை நூல்களில் ஒன்றான சரக சம்கிதை, தோல் நோய்களுக்கான காரணங்களைப் பட்டியலிடும் இடத்தில், வெயில், உழைப்பு, அச்சம் ஆகியவற்றால் வருந்தியிருப்பவர் உடனே குளிர்ந்த நீரைப் பயன்படுத்துவதையும் ஒரு காரணமாகச் சேர்த்துள்ளது. தண்ணீர் தீயது என்று அந்நூல் கூறவில்லை. வெப்பத்திலிருந்து குளிர்ச்சிக்கு இடைவெளியின்றித் தாவுவதையே அது குறையாகக் காண்கிறது.

சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் சமநிலையை உடல்நலத்தின் அடிப்படையாகக் கொள்கிறது. தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி, நீரைக் காய்ச்சி அருந்துமாறு அறிவுறுத்துகிறது. ஆற்று நீர், குளத்து நீர், கிணற்று நீர், காய்ச்சிய நீர் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குணம் கூறுவது தமிழ் மருத்துவ நூல்களின் மரபு. கிருமிகளைப் பற்றிய அறிவு இல்லாத காலத்தில், காய்ச்சிய நீர் நோய் தராது என்ற அனுபவமும் குளிர்ந்த நீர் மீதான ஐயத்தை வலுப்படுத்தியிருக்கக் கூடும்.

தண்ணீர் கொடுக்கும் முறை

நம்பிக்கையின் உட்பொருளைக் காட்டும் நாட்டுப்புறக் கதை ஒன்று பல வடிவங்களில் வழங்குகிறது. வெயிலில் களைத்து வந்த வழிப்போக்கன் ஒருவன் கிணற்றடியில் நின்ற பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறான். அவள் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, அதன்மேல் சிறிது உமியைத் தூவிக் கொடுக்கிறாள். எரிச்சலோடு உமியை ஊதி ஊதிக் குடித்து முடித்தவன் காரணம் கேட்கிறான். மூச்சிரைக்க வந்தவர் மடமடவென்று குடித்தால் உடம்புக்கு ஆகாது, மெல்லக் குடிக்கட்டும் என்றே தூவினேன் என்கிறாள் அவள். சில வடிவங்களில் உமிக்குப் பதிலாக வேப்பிலை வரும். வழிப்போக்கன் அரசனாக இருப்பான்.

கதையில் தண்ணீர் மறுக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தாகம் தீர்ப்பது அறம் என்பதே தமிழ் மரபு. சோழர் காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப்பந்தல் வைப்பதற்கான கொடைகள் பதிவாகியுள்ளன. கோடையில் இன்றும் தெருமுனைகளில் தண்ணீர்ப்பந்தல்கள் அமைக்கப்படுகின்றன. அங்கே உப்பிட்ட நீர்மோரும் பானகமும் கொடுப்பது, வியர்வையில் இழந்த நீரையும் உப்பையும், உழைப்பில் செலவான ஆற்றலையும் ஈடுசெய்யும் முறையாகும். மெல்லக் குடி என்ற பழைய அறிவுரை, நாளடைவில் பல இடங்களில் குடிக்காதே என்ற தடையாகச் சுருங்கியது.

பிற நாடுகளில்

பிலிப்பீன்சில் இந்த நம்பிக்கைக்குப் "பாசுமா" என்று பெயர். உடல் சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டால் கை நடுக்கம், உள்ளங்கை வியர்த்தல், மரத்துப்போதல், நரம்பு புடைத்தல் ஆகியவை வரும் என்று அங்கு நம்புகின்றனர். துணி தேய்த்த கையை உடனே கழுவுவதையும், விளையாடி முடித்தவுடன் குளிப்பதையும் தவிர்க்கின்றனர். இசிவைக் குறிக்கும் "பாசுமோ" என்ற எசுப்பானியச் சொல்லே பாசுமா ஆயிற்று. மைக்கேல் டான் 1987இல் வெளியிட்ட நூல் இதனைப் பிலிப்பீன்சின் மரபுவழி நோய்க் கருத்துகளுள் ஒன்றாக ஆராய்ந்தது.

எசுப்பானியர் வழியாகச் சென்றது கிரேக்க மரபில் தோன்றிய நான்கு உடல்நீர்மக் கொள்கை. ஐரோப்பாவில் அதன் செல்வாக்கு உயிர்ப்பலி வரை சென்றது. 1536 ஆகத்தில் பிரான்சின் பட்டத்து இளவரசர் பிரான்சுவா, பந்து விளையாடிய களைப்பில் குளிர்ந்த நீர் குடித்தபின் நோயுற்று, சில நாள்களில் இறந்தார். நீரில் நஞ்சு கலந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மோன்டெக்குக்கோலி பிரபு அதே ஆண்டில் லியோன் நகரில் கொல்லப்பட்டார். இளவரசர் நோயால் இறந்தார் என்பதே பிற்கால வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், கோடையில் தெருக்குழாய்களில் தண்ணீர் குடித்த தொழிலாளர் சிலர் சுருண்டு விழுந்து இறந்தனர். மருத்துவர் பெஞ்சமின் ரஷ் இதனைக் குளிர்ந்த நீரால் வரும் நோய் என்று எழுதினார். குடிக்கும் முன் பாத்திரத்தைச் சிறிது நேரம் இரு கைகளிலும் பிடித்திருக்குமாறு அவர் அறிவுறுத்தினார். உமி தூவிய பெண்ணின் வழியும் இதுவே. அந்த மரணங்களுள் பல இன்று வெப்பத்தாக்கு எனப்படுவதால் நேர்ந்திருக்கலாம். உயிர் போகும் நிலைக்குச் சூடேறியவர் கடைசியாகச் செய்த செயல் தண்ணீர் குடித்தது. பழி தண்ணீர் மீது விழுந்தது.

பனிக்கட்டியின் வருகை

பனிக்கட்டி வருவதற்கு முன் தமிழ்நாட்டில் குளிர்ந்த நீர் என்பது பெரும்பாலும் கிணற்று நீரும் மண்பானை நீருமே. பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடற்கரையில் இந்தக் குளிர்ச்சி உள்நாட்டைவிடக் குறைவாகவே இருக்கும். அமெரிக்க ஏரிகளில் வெட்டிக் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. அது இன்று விவேகானந்தர் இல்லம். குளிர்பதனப் பெட்டி வீடுகளுக்கு வந்தபின், பழைய எச்சரிக்கை "ஐஸ் தண்ணி" மீது புதிய வலுவோடு படிந்தது.

உடலியல் கூறுவது

10 பாகை செல்சியசு குளிர்ச்சியுள்ள 1 லிட்டர் நீர் உடலின் 37 பாகைக்குச் சூடாக ஏறத்தாழ 27 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 1 லிட்டர் வியர்வை ஆவியாகும்போது வெளியேறும் வெப்பமோ ஏறத்தாழ 580 கிலோகலோரி. ஆகவே குடிக்கும் குளிர்நீர் உடலைத் திடீரெனக் குளிர்வித்துவிடுவதில்லை. அதன் முதன்மைப் பயன், வியர்வை தொடர்ந்து சுரக்கத் தேவையான நீரைத் தருவதே.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேலைநாட்டுப் பயிற்சியாளர் பலரும் ஓட்டக்காரர்களுக்குத் தண்ணீர் மறுத்தனர். 1944இல் ஆர்வர்டு பல்கலைக்கழகச் சோர்வு ஆய்வகத்தினர், வெப்பத்தில் நடப்பவர்கள் வியர்வை இழப்புக்கு ஈடாகத் தண்ணீர் குடிக்கும்போதே உடல் வெப்பம் கட்டுக்குள் நின்று நன்கு செயல்பட்டனர் என்று காட்டினர். உழைப்பால் வரும் வெப்பத்தாக்குக்கு இன்று முதன்மைச் சிகிச்சையாகக் கொள்ளப்படுவது, பாதிக்கப்பட்டவரை உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்துவதே.

பழைய எச்சரிக்கையில் உண்மையின் கூறுகளும் உள்ளன. மிகக் குளிர்ந்த நீரில் திடீரெனக் குதித்தால் மூச்சு திணறி, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் தாவி உயரும்; இதய நோயாளிகளுக்கு இது ஆபத்து. தமிழ்நாட்டுக் கிணற்று நீர் பொதுவாக அந்த அளவுக்குக் குளிர்ந்திருப்பதில்லை. மடமடவென்று குடித்தால் வயிற்றில் பிடிப்பு வரலாம். அளவு மீறிக் குடிப்பதும் தீங்கே: 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களிடம் நடத்திய ஆய்வில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. வியர்த்தபின் குளிர்ந்த நீர் குடிப்பதே சளியை உண்டாக்குவதில்லை. சளிக்குக் காரணம் வைரசு.

இன்றைய நிலை

உப்பளத்தில் நிழல் இல்லை; தரையின் உப்பு வெயிலைக் கண்ணுக்கும் தோலுக்கும் திருப்பி அனுப்புகிறது. கடற்கரையின் ஈரக் காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதுமில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களின் வெப்பச் சுமையையும் சிறுநீரக நலத்தையும் ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டனர். பணியிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதையும் அவர்களின் முந்தைய ஆய்வு பதிவு செய்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

இத்தகைய சூழலில் வியர்வை அடங்கும் வரை காத்திருப்பது, நாள் முழுதும் வியர்ப்பவருக்குத் தண்ணீரே குடிக்காமல் இருப்பதற்குச் சமமாகிவிடும். அவருக்குத் தேவை நிழலும், இடையிடையே சிறிது சிறிதாகக் குடிக்கும் நீரும், மோரில் சேரும் உப்பும், அருகில் ஒரு கழிப்பறையும். உமி தூவித் தந்தவளும் செம்பு நிறையவே தண்ணீர் கொடுத்தாள்.