மையவாடிப் பூவும் மருந்தின் வரலாறும்

புற்றுநோயை அரபியர் ‘ஸரத்தான்’ என்பர். நண்டு என்பது அச்சொல்லின் பொருள். கட்டியைச் சுற்றிப் புடைத்த நாளங்கள் நண்டின் கால்களெனப் பரந்திருக்கக் கண்ட யவன மருத்துவர் இட்ட பெயரின் வழிவந்தது அது. குர்துபா நகரை அடுத்து வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, நாட்பட்டு முற்றிய புற்றைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதுமில்லை என்று ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் தம் பெருநூலில் எழுதிவைத்தார். அத்தகைய நேர்மை இன்று அருகிவிட்டதோ என ஐயுறுகிறோம்.

நம் மையவாடிகளின் ஓரத்தில் தானே முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணியை அறியாதார் இலர். சுடுகாட்டு மல்லி என்றும் அதனைச் சொல்வர். ‘நம் முன்னோர் இதனால் புற்றைப் போக்கினர், மேனாட்டார் அந்த இரகசியத்தைக் கவர்ந்து சென்றனர்’ எனச் சிலர் மேடையேறி முழங்குகின்றனர். கேட்க இனிக்கிறது, ஆனால் நடந்தது வேறு.

1952இல் கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காத் தீவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே இச்செடியின் இலைகள் இருபத்தைந்து! அத்தீவினர் நீரிழிவுக்கு இதன் கஷாயத்தைப் பருகி வந்தனர். நம் நாட்டிலும் நாட்டு மருத்துவத்தில் நீரிழிவுக்கே இது பெயர் பெற்றது. கிளார்க் அவற்றைத் தம் உடன்பிறந்தார் ராபர்ட் நோபிளின் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினார். சாற்றை எலிகட்குப் புகட்டினர். இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஊசிவழிச் செலுத்தினர்; எலிகள் சில நாட்களில் மடிந்தன. வேறொருவராயின் இத்துடன் விட்டிருப்பர். இவர்களோ மாண்ட எலிகளை ஆராய்ந்தனர். எலும்பு மஜ்ஜை நலிந்து, வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்து, கிருமித் தொற்றால் அவை இறந்திருந்தன. வெள்ளணுக்களை அழிக்கும் பொருள், அவை கட்டின்றிப் பெருகும் இரத்தப் புற்றில் பயன்படாதோ என்னும் வினா எழுந்தது. 1958இல் நோபிளும் சார்லஸ் பீரும் அப்பொருளைப் பிரித்தெடுத்தமையை அறிவித்தனர். அதுவே வின்பிளாஸ்டின். அமெரிக்காவின் லில்லி நிறுவன ஆய்வாளரும் தனியே இச்செடியை ஆராய்ந்து, வின்கிறிஸ்டின் என்னும் மற்றொன்றைக் கண்டனர். அந்நாட்டில் 1961இலும் 1963இலும் இவை முறையே மருந்தாக ஏற்கப்பட்டன.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் ஈர்க்க நுண்ணிய இழைகள் உருவாகின்றன. அவ்விழைகள் டியூபுலின் என்னும் புரதத்தாலானவை. இம்மருந்து அப்புரதத்தைப் பற்றிக்கொள்ள, இழை உருவாவதில்லை. பிரிவு நடுவே நின்று அணு மடிகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றில் வின்கிறிஸ்டின் பிற மருந்துகளுடன் கூடி ஆற்றிய பணி பெரிது. ஒரு காலத்தில் சில மாதங்களில் உயிர்பறித்த அந்நோயினின்று இன்று வளமான நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றனர்.

ஆயினும் இம்மருந்து ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டாமல் அளந்து நரம்பில் செலுத்தப்படுவது. முதுகுத் தண்டில் தவறிச் செலுத்தினால் உயிரையே பறிப்பது. மேடைப்பேச்சை நம்பி வீட்டில் இலையைக் காய்ச்சிக் குடித்து, மருத்துவமனைக்குச் செல்லும் நாளைத் தள்ளிப்போடுவோரை எண்ணியே இதனை எழுதலானோம்.

செடியின் தாயகம் மடகாஸ்கர். குறிப்புத் தந்தது ஜமைக்கா. அத்தகைய நாட்டாருக்கும் ஆதாயத்தில் பங்குண்டு என்னும் நெறியை 1992ஆம் ஆண்டின் பல்லுயிர் உடன்படிக்கைதான் உலகறிய ஏற்றது. அந்த நியாயமான வழக்கிற்குப் பொய்ப்பெருமை துணையாகாது. தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் இச்செடியைப் பயிரிட்டு, இலையும் வேரும் உலர்த்தி விற்போர் உளர். 2022இல் அறிவியலார் ஈஸ்ட் நுண்ணுயிரைக் கொண்டே வின்பிளாஸ்டினின் இரு முன்பொருள்களை உண்டாக்கி, அவற்றை இணைத்தும் காட்டிவிட்டனர். அந்த நிலத்தாரிடம் இச்செய்தியை யார் சொல்லியிருப்பர்?