கேட் மீட்டிங்ல பேசினது யாரு?

டோல்கேட்ல மெட்ரோ ஏறும்போதெல்லாம் எனக்கு எங்க தாத்தா ஞாபகம்தான் வரும். ஹார்பர்ல மூட்டை தூக்கினவர். ஷிஃப்ட் முடிஞ்சதும் கேட் மீட்டிங் நடக்குமாம். "கேக்கறவன் சட்டையில அழுக்கு இருக்கும், பேசறவர் சட்டையில இருக்காது"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வார். இன்னைக்கு எபிசோட் அந்தச் சட்டையைப் பத்திதான். தொழிலாளர் கட்சின்னு சொல்ற இந்திய கம்யூனிஸ்ட் கட்சியோட தலைமைக்கு இதுவரை யார் வந்தாங்க?

ஆரம்பம் நம்ம ஊர்தான். பீச் ஸ்டேஷன் பக்கத்துல இருக்கற கலெக்டர் ஆபீஸுக்குப் பேரு சிங்காரவேலர் மாளிகை. அந்த சிங்காரவேலர் 1860ல மீனவ சமூகத்துல பிறந்தவர், வக்கீல். 1923 மே 1 அன்னைக்கு சென்னைக் கடற்கரையில நாட்டோட முதல் மே தினத்தைக் கொண்டாடினவர். 1925 டிசம்பர்ல கான்பூர்ல கம்யூனிஸ்ட் மாநாடு கூடினப்போ தலைமை வகிச்சதும் அவர்தான். அப்போ வயசு 65. (கட்சி 1920லயே தாஷ்கண்ட்ல பிறந்துடுச்சுன்னு மார்க்சிஸ்ட்காரங்க சொல்வாங்க. அந்தப் பஞ்சாயத்து இப்போ வேணாம்.)

அதுக்கப்புறம் லிஸ்ட் வேற மாதிரி போகுது. பி.சி. ஜோஷி முப்பது வயசு ஆகறதுக்கு முன்னாடியே பொதுச் செயலாளர். அதாவது நம்ம வயசு! பிறகு ரணதிவே, அஜய் கோஷ். 1964ல கட்சி உடைஞ்ச பிறகு ராஜேஸ்வர ராவ் 1990 வரைக்கும். அடுத்து வந்த இந்திரஜித் குப்தா கேம்பிரிட்ஜ்ல படிச்சவர். பெரும்பாலும் படிச்ச, வசதியான குடும்பத்துப் பிள்ளைங்க. அவங்க தியாகத்தைக் குறைச்சுச் சொல்லல, வசதியை விட்டுட்டு ஜெயிலுக்குப் போனவங்கதான். ஆனா மேல போகணும்னா இங்கிலீஷ்ல தீர்மானம் எழுதணும், சம்பளம் பாக்காம முழுநேர ஊழியரா இருக்கணும். எங்க தாத்தா ஒரு நாள் லீவு போட்டா அன்னைக்கு வீட்ல அடுப்பு எரியாது. அவர் எப்படிப் போவார்?

2019 ஜூலையில டி. ராஜா பொதுச் செயலாளர் ஆனார். குடியாத்தம் பக்கம் சித்தாத்தூர், நிலமில்லாத விவசாயக் கூலிகளோட மகன், அந்த ஊரோட முதல் பட்டதாரி. அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித். 1925ல இருந்து கணக்கு போட்டா 94 வருஷம். அவரும் கேட் மீட்டிங் வழியா வரல, இளைஞர் அமைப்பு வழியா வந்தவர்.

எனக்கு உறுத்தறது அந்த டைமிங்தான். 1962 மக்களவையில கட்சிக்கு 29 சீட், ரெண்டாவது பெரிய கட்சி. ராஜா கைக்கு வந்தப்போ ரெண்டே சீட், ரெண்டும் தமிழ்நாட்டுல, நாகப்பட்டினமும் திருப்பூரும். 2023 ஏப்ரல்ல தேர்தல் ஆணையம் தேசியக் கட்சி அந்தஸ்தையும் எடுத்துடுச்சு.

தாத்தா இருந்திருந்தா இதைச் சொல்லிக் காட்டியிருப்பேன். அவர் முதல்ல ராஜாவோட சட்டையைத்தான் பாத்திருப்பார்.